சிவப்பு அம்பு வாங்கிய ஷீபா

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி வண்டிகளுக்கான மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தது. நாங்கள் எழுதும் நிரலைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரும் எங்கள் பொறுப்பு. போல்ட் முடுக்கும் லைனில் இருப்பது போலவே எங்கள் ஏசி அறையிலும், வேலையின் முன்னேற்றத்தை எண்ணிக் காட்டும் ஒரு கைசன் பலகை உண்டு. எண்ணிக்கை ஏறினால் பச்சை அம்பு, இறங்கினால் சிவப்பு. எதை எண்ணுகிறோம் என்று கேட்பது மரியாதைக் குறைவு.

பிள்ளைப்பாக்கத்து ஷீபா அங்கே காண்ட்ராக்ட் இன்ஜினியர். 2013 மார்ச்சில் நிரந்தரம் என்று மேலாளர் நெல்லையப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி, சென்னையில் கிடைத்த வேலையை விட்ட புண்ணியவதி அவள்.

பிப்ரவரியில் கம்பைலர் படுத்துவிட்டது. நிரலைச் சுருக்கி வேகமாக்குகிறேன் என்று எங்களோடு வேலை பார்த்த சக்திகுமார் அதற்குள் புதிதாக ஒரு கட்டம் எழுதியிருந்தான். அது இரண்டு முப்பத்திரண்டு பிட் எண்களைச் சேர்த்து அறுபத்துநான்காக்கியது. எங்கள் சில்லுக்கு முப்பத்திரண்டுக்கு மேல் கொள்ளாது. பெரிய எண்களை உடைத்துக் கொடுக்கும் கட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடும். அப்புறம் ஐயா புதிதாக ஒன்றைப் பெரிதாக்கி வைத்தால் யார் உடைப்பது? கம்பைலர் கையை விரித்தது. பெட்டி அனுப்புவதும் நின்றது.

ஷீபா ஒரு வாரம் தோண்டிக் கண்டுபிடித்தாள். சேர்ப்பதற்கு முன், "இந்த அளவைச் சில்லு ஏற்குமா?" என்று கேட்கும் ஒரு வரி சேர்த்தாள். கம்பைலர் எழுந்து உட்கார்ந்தது. எங்களுக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

பலகைக்கு இல்லை. அது எண்ணியது சேர்ப்புகளை. உதவாத சேர்ப்புகள் நின்றதும் எண்ணிக்கை பாதியானது. ஷீபா பெயருக்கு எதிரே சிவப்பு அம்பு.

"என்னம்மா, நல்லா ஏறிக்கிட்டு இருந்துச்சு. நீ கை வச்சதும் செவந்துபோச்சே?" என்றார் நெல்லையப்பன்.

"கம்பைலரே நின்னுகினு இருந்துச்சு சார்."

"அது பிரச்சனைம்மா. இது நம்பர்."

மார்ச்சில் சக்திகுமாருக்குச் சால்வை. ஷீபாவுக்கு, "இன்னொரு வருஷம் பார்ப்போம்." அவள் வேலையை விட்டுவிட்டு, அழுதுகொண்டேதான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுவாரமே பலகையைப் பச்சையாக்க அந்த வரியை எடுக்கச் சொன்னார் நெல்லையப்பன். எடுத்தார்கள்; எங்கிருந்து எடுத்தோம் என்று யாரும் குறித்துவைக்கவில்லை. அம்பு பச்சையானது, கம்பைலர் மறுபடி படுத்தது. எங்கள் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டு ஷீபாவை அழைத்தார்.

"ஒரு வரிதானேம்மா, எங்க போடணும்னு சொல்லிடேன்."

"பலகை பச்சையாத்தானே கீது சார்?" என்றாள் ஷீபா. "பெட்டிக்குப் பதிலா அத்தயே வண்டில மாட்டி அனுப்பிச்சிடுங்க."