மூன்று வார இத்தாலி

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆம்பூர் ஷூ ஃபேக்டரி மீட்டிங் ரூமில் எல்லாரும் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீடியோ காலில், எங்கள் ஷூவை வாங்கும் இத்தாலி பையர். இந்தப் பக்கம் எங்கள் எஸ்தர்.

எஸ்தர் எனக்குப் பக்கத்து சீட். இரண்டு வருஷமாக ஆன்லைனில் இத்தாலியன் படிக்கிறாள். கம்பெனியே அவளை மூன்று வாரம் அங்கே அனுப்பிப் படிக்க வைத்தது. இந்த வீடியோ காலைச் சமாளித்துவிட்டால் இத்தாலி ஆர்டர் முழுக்க அவள் பொறுப்பு. சொதப்பினால்? பழையபடி சென்னை மொழிபெயர்ப்பாளர்தான்.

நாங்கள் என்ன எதிர்பார்த்தோம்? போய் வந்தவள் பொளந்து கட்டுவாள் என்றுதானே...

பையர் படபடவென்று ஏதோ சொன்னார். எஸ்தர் அமைதியாக, "நோன் ஓ கப்பீத்தோ" என்றாள். அதாவது — புரியவில்லை. அவர் மறுபடி சொன்னார். இவளும் மறுபடி அதையே சொன்னாள். மூன்றாவது தடவை எனக்கே வியர்த்துவிட்டது. மேனேஜர் மைக்கை அணைத்தார்.

"இன்னாம்மா, மூணு வாரம் போய்ட்டு வந்து இதான் கத்துக்கினியா?"

"ஆமா சார், இதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி மைக்கை ஆன் செய்தாள்.

எனக்கு ஏன் வியர்த்தது? சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மொழிபெயர்ப்பாளர் வராத ஒரு நாள் இதே பையர் அரைகுறை இங்கிலீஷில் பேசியபோது "எஸ், எஸ்" என்று முதலில் தலையாட்டியது நான்தான். பாதிதான் புரிந்தது. கேட்க வெட்கம். உள்தோல் நிறம் மாறிப்போய், அனுப்பிய லாட் முழுக்கத் திரும்பி வந்தது. தையல் லைனில் இருக்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து பிரித்துத் தைத்தார்கள். யாரும் என் பெயரைச் சொல்லவில்லை — அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எஸ்தரும் இத்தாலியில் தலையாட்டித்தான் மாட்டியிருக்கிறாள். முதல் வாரம் பஸ் டிரைவரிடம் வழி கேட்டு, அவர் சொன்னதற்கெல்லாம் "சி, சி" என்று ஆமாம் போட்டு, ஏதோ மலையூரின் கடைசி ஸ்டாப்பில் மழையில் நின்றாளாம். அதே டிரைவர்தான் திரும்பக் கூட்டி வந்திருக்கிறார். புரியாததற்கு ஏன் ஆமாம் போட்டாய் என்று வழியெல்லாம் கேட்டாராம்.

"கிராமர் அப்டியேதான்க்கா இருக்கு. பயந்தான் கம்மியாயிடுச்சு" என்கிறாள். இரண்டு வருஷ ஆன்லைன் கிளாஸில் அது போகவில்லை. மூன்று வாரம் அங்கே முழித்ததில் போய்விட்டது.

சரி, வீடியோ காலுக்கு வருவோம். நாலாவது தடவை பையருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஷூவை கேமரா முன் பிடித்து, மெதுவாகச் சொன்னார் — நாடா கோர்க்கும் ஓட்டைக்கு உலோக வளையம் வேண்டாம், வெறும் தையல் போதும். மறுநாள் காலை வளையம் அடிக்க எங்கள் ஃபேக்டரியில் எல்லாம் தயார்! மேனேஜர் எழுந்து லைனுக்கு ஓடினார். சென்னைக்கு போன் போகவில்லை.

நேற்றுக் காலை மீட்டிங்கில் மேனேஜர் ஷிப்மென்ட் பிளானை ஒரே மூச்சில் ஒப்பித்தார். வழக்கம்போல எல்லாரும் ஓகே சார். நான் கையைத் தூக்கினேன்.

"சார், புரியல. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

மனுஷர் முறைத்தார்... என்னை அல்ல, எஸ்தரை!