கைனேஸும் வெறுஞ்சாக்கும்

எலியின் இரத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டு ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பாலக்காட்டு ஆய்வகம் ஒன்றில், முப்பத்தைந்து வயதுக்கு மேல் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்த காலம். எலியின் தொடைத்தசையில் ஒரு கைனேஸ், அதாவது மற்றப் புரதங்களை முடுக்கிவிடும் ஒரு புரதம், இருப்பதைக் காட்ட வேண்டும். அதை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி, எப்போதோ படித்துவிட்டுப் போன யாரோ மிச்சம் வைத்தது, கட்டைவிரலில் பாதி உயரக் குப்பியில் குளிர்பெட்டியில் கிடந்தது. அதுவும் எலியின் உடம்பில் தயாரானதுதான். எலித் தசைக்கு எலி ஆன்டிபாடி. சொந்தத்துக்குள் ஒத்துப்போகும் என்று நினைத்தேன் போலும்.

தசைப் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஒரு மெல்லிய தாளில் படியவைப்போம். ஆன்டிபாடியை ஊற்றினால் அது கைனேஸைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எலி ஆன்டிபாடி எங்கிருந்தாலும் ஒட்டிக்கொண்டு ஒளிரும் இரண்டாவது ஆன்டிபாடியை ஊற்றுவோம். எனக்கு, எதிர்பார்த்த எடைக்குப் பக்கத்திலேயே, தடித்த பட்டை ஒன்று ஒளிர்ந்தது. மறுநாள் ஆய்வுக்குழு கூடுகிறது. காட்ட எதுவும் இல்லையென்றால் பதிவு ரத்து என்று கடிதமே வந்திருந்தது. லட்டு வாங்க ஆள் அனுப்பினேன்.

பரிசோதனைகளை ஓட்டித் தந்தவர் எங்கள் டெக்னீஷியன். என்னைவிட இரண்டு வயது இளையவர். வண்டிப்பெரியாரில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர். அவருடைய அம்மா அப்போதும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். லட்டைக் கையில் வாங்கினாரே தவிர வாயில் போடவில்லை.

"சார், மொத ஆன்டிபாடி ஊத்தாம ஒரு துண்டு போட்டுப் பாத்தீங்களா?"

"எதுக்கு? பட்டை பளிச்சுன்னு இருக்கே. கண்ணு தெரியலையா?"

"தெரியுது சார், அதான் கேக்குறேன். எஸ்டேட்டுல கொழுந்து நிறுக்கையில, சாக்குக்குன்னு அவுங்களா ஒரு எடையக் கழிச்சிருவாங்க. எங்கம்மா விடாது. வெறுஞ்சாக்க நிறுத்துக் காட்டுன்னு நிக்கும். சாக்கு எம்புட்டுன்னு தெரியாம கொழுந்து எம்புட்டுன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

"இது தேயிலை இல்லை கேட்டேளா, மாலிகுலர் பயாலஜி" என்றேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

"சரி சார். லட்டு பெறகு திங்கிறேன்."

முதல் ஆன்டிபாடி படாமல் மிச்சமிருந்த தாளில் ஒரு துண்டை நறுக்கி, இரண்டாவது ஆன்டிபாடியை மட்டும் ஊற்றினார். நாலு மணிக்கு அந்தத் துண்டிலும் அதே பட்டை, அதே தடிப்பில். தசையில் எலியின் இரத்தம் இருக்கும், இரத்தத்தில் எலியின் சொந்த ஆன்டிபாடி இருக்கும், ஒளிர்ந்தது அதுதான். சாக்கை நிறுத்துவிட்டுக் கொழுந்து என்று கூவியிருக்கிறேன்.

குழுவின் முன்னால் உண்மையைச் சொன்னேன். வீரம் ஒன்றுமில்லை, இரண்டு படங்களையும் அவர் என் கோப்பில் அருகருகே ஒட்டி வைத்திருந்தார். மூன்று மாத அவகாசம் கிடைத்தது. முயலில் தயாரித்த ஆன்டிபாடியையும், எலியுடையதை விட்டுவிட்டு முயலுடையதில் மட்டும் ஒட்டி ஒளிரும் இரண்டாவதையும் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தோம். வண்டி வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. "அண்ணே, பெட்டிய வெயில்ல வச்சிராதீங்க, மடியிலயும் வைக்காதீங்க, சூடாயிரும்" என்று டெக்னீஷியன் போனில் மன்றாட, "ஏனுங்க, இதென்ன ஐஸ்கிரீமுங்களா?" என்றார் ஓட்டுநர்.

முயல் ஆன்டிபாடி காட்டியது தலைமுடி போல ஒரு கோடு. முதல் ஆன்டிபாடி ஊற்றாத வெறுந்துண்டில் ஒன்றுமே இல்லை. அந்தக் கோட்டின் மேல்தான் என் பட்டம் நிற்கிறது. இன்றுவரை யாரும் அதை அசைக்கவில்லை. இப்போது என் மாணவர்கள் வெறுந்துண்டு இல்லாமல் படம் கொண்டுவந்தால் நான் திரும்பியும் பார்ப்பதில்லை. இதை என் கொள்கை என்று கூசாமல் சொல்லிக்கொள்கிறேன்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் டெக்னீஷியனைப் பற்றி ஒரு முழுப்பக்கம் எழுதினேன்: அறிவியல் நேர்மை, அஞ்சாமை என்றெல்லாம். அச்சானதும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே கடைசி வரி வரை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா நேர்மையெல்லாம் ஒண்ணுமில்ல. தப்புன்னு ஆறு மாசம் கழிச்சுத் தெரிஞ்சா, அம்புட்டையும் மொதல்லேர்ந்து ஓட்டுறது நாந்தானே."