ஐஸில் வந்த பழம்

அன்னக்கிளி வைத்திக்குப்பத்துக்காரி. அம்மாவோடு கூடை தூக்கி மீன் விற்று வளர்ந்தவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமலே எது ஐஸில் கிடந்த பழைய மீன் என்று சொல்லிவிடுவாள். பத்து வருஷமாக ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவதும் மீன் அலசுகிற வேகத்தில்தான். இதுவரை ஒன்றுகூட உடைத்ததில்லை.

போன தை மாதம் புருஷன் வடிவேல் செத்துப்போய்விட்டார். தட்டாஞ்சாவடியில் லேத்துப் பட்டறை வேலை. கடைசி ஆறு மாதம் ஈரல் கெட்டுப் படுக்கை. சோறு இறங்காத ஒரு நாள், பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமி ஃப்ரீசரில் வைத்திருந்த ப்ளூபெர்ரி பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். சுண்டைக்காயைவிடச் சின்னப் பழம். நாலைத் தின்று சப்புக்கொட்டினார். வேலையிலிருந்து வந்த அன்னக்கிளி மிச்சத்தைக் குப்பையில் கொட்டினாள். ஐஸ் போட்டதை நோயாளிக்குக் கொடுப்பதா? மறுநாளே பெரிய கடைக்குப் போய்க் கோலிக்குண்டு கணக்காக அதே பழத்தைப் புதுசாக வாங்கிவந்தாள்.

"இது வெறுந் தண்ணிடி. அந்தச் சின்னதக் குடேன்" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் கொடுக்கவில்லை.

ஆடியில், ஆய்வு மாணவி கார்குழலி அதே பழத்தில் பெரியது, ஐஸில் வந்த சின்னது என்று நாலு வகையோடு வந்து நின்றாள். எதில் ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து அதிகம் என்று பார்க்க வேண்டுமாம். பழச்சாற்றை ஊதா மருந்தில் கலந்து அரைமணி இருட்டில் வைப்பார்கள். சத்து அதிகமானால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். அதற்கென்று ஜன்னலில் கறுப்புத்தாள் ஒட்டிய அறை. யாரும் கதவைத் திறந்துவிடாமல் உள்ளே காவலுக்கு அன்னக்கிளி.

முதல் நாளே அந்தச் சத்தம் கேட்டது. யாரோ சப்புக்கொட்டுகிற சத்தம். எலி என்று நினைத்தாள். மறுநாள் காதோரம் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேறு அறைக்கு மாற்றிவிடுவார்கள்; தான் கொடுத்தது சரியா தப்பா என்று தெரியாமலே போய்விடும்.

மூன்றாம் நாள் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். பெரிய பழத்தின் குழாயில் ஊதா பாதிக்குமேல் அப்படியே இருந்தது. ஐஸில் வந்த சின்னப் பழத்தினுடையது வெளிறிய மஞ்சள்.

"சின்னதுல தோல்தான் அதிகம்க்கா. சத்தெல்லாம் தோல்லதான் இருக்குது. பறிச்ச உடனே ஐஸ் போட்டுடறாங்க, அதான் வீணாகல" என்றாள் கார்குழலி.

"அப்ப எங்க வூட்டுக்காரருக்கு நான் குடுத்தது?"

கார்குழலிக்கு விஷயம் தெரியும். குழாயைக் கீழே வைத்தாள். "இது குழாய்க்குள்ள நடக்கறதுக்கா. எதக் குடுத்திருந்தாலும் அந்த ஈரல் தேறியிருக்காது."

அன்னக்கிளி தலையாட்டினாள். நியாயந்தான். ஆனால் அவர் ஈரலுக்காகவா கேட்டார்? நாக்குக்குத்தானே கேட்டார்.

சாயங்காலம் மிச்சப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளங்கையில் சில்லென்று நாலு பழம். சத்தம் கேட்டது. அவள் இன்னும் ஒன்றையும் வாயில் போடவில்லை.

"மெதுவாத் தின்னுய்யா" என்றாள். அரைமணி ஆகட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள்.