எஸ்தருடைய இரண்டாம் ஆதார்

எஸ்தர் இறந்த செய்தியைத் தேவராசா அண்ணைதான் தொலைபேசியில் சொன்னார். "நல்ல மனிசி, தங்கச்சி. ஏதும் எழுதினால் பழசுகளைக் கிளறாதை" என்றார். கிளறத்தான் போகிறேன். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் எங்களோடு நின்ற எல்லோரும் இதை வாசிக்க வேண்டும்.

எஸ்தர் மொரோக்கோ யூதப் பெண். அவளுடைய தகப்பன் இறந்தது ஆதார் மாதத்தில். யூதரின் மாதங்கள் பிறையோடு ஓடுபவை. பருவங்கள் பிசகாமலிருக்கச் சில வருடங்களில் ஆதார் இரண்டு தடவை வரும். 2005 அப்படியொரு வருடம். ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்களில் பலர் நினைவுநாளை முதல் ஆதாரில் வைப்பார்கள். எஸ்தர் வீட்டில் இரண்டாவதில்தான். அன்று விளக்கேற்றி, சகோதரங்களைக் கூப்பிட்டுச் சமைத்துப் போடுவது மூத்தவளான அவளுடைய பொறுப்பு.

அவள் லீவு கேட்டபோது தேவராசா அண்ணை எங்கள் சூப்பர்வைசர். "ஆதார் போன மாசமே முடிஞ்சுது. இங்கை நிக்கிற மற்ற யூத ஆள் தன்ரை வீட்டு ஆதார் நினைவுநாளுக்கு அப்பவே லீவெடுத்திட்டார். இவ பொய் சொல்லுறா" என்றார், எல்லோருக்கும் முன்னால்.

"இல்லை அண்ணை, இவையின்ரை வழமை வேறை" என்றேன்.

"நீ உன்ரை வேலையைப் பார்."

அவர் சொன்னதை எஸ்தருக்குப் பிரெஞ்சில் சொன்னவள் நான். தகப்பனின் நாளில் அவள் பொழுதுபடும்வரை தட்டு அடுக்கினாள். அவள் அழவில்லை. "நான் மறக்கிறவள் இல்லை" என்று மட்டும் சொன்னாள்.

பின்பு நிறுவனம் கைமாறியது. எஸ்தர் சூப்பர்வைசரானாள், அண்ணை தட்டு அடுக்க வந்தார். அந்த வருடம் சித்திரையில் அவருடைய தாயின் திதி ஒரே மாதத்தில் இரண்டு தடவை வந்தது. பிந்தி வருவதைத்தானே நாங்கள் எடுப்போம்? அதை எஸ்தருக்கு முன்கூட்டியே விளக்கி வைத்தவளும் நான்தான். அதற்காக எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

அண்ணை லீவு கேட்டார். எஸ்தர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "மாதத் தொடக்கத்திலேயே அந்தத் திதி வந்து போய்விட்டதே. பொய் சொல்கிறீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீயாவது சொல்லன். அம்மாவின்ரை நாளெல்லே!"

"நான் என்ரை வேலையைப் பாக்கிறன், அண்ணை" என்றேன்.

திதியன்று அவர் கண் கலங்கக் கலங்கத் தட்டு அடுக்கினார். வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று எஸ்தர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பேன்.

இறந்தவர்களின் மன்னிக்கும் குணத்தைப் புகழ்வது வழக்கம். எஸ்தருக்கு அந்தக் குணம் இருக்கவில்லை. அவளுடைய கோபம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை ஆற விடமாட்டேன்.