கிரீட்டில் படம் எடுத்தவர்

இன்று ஒஸ்லோவில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சங்கத்தில் பழக்கமான அக்கா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கைபேசியில் நான் முகநூலில் போட்ட கிரீட் தீவுப் படம்.

“தனியப் போனனான் எண்டு போட்டிருக்கிறாய். அப்ப இதை ஆர் எடுத்தது?”

“நான்தான் அக்கா, டைமர் வைச்சு எடுத்தனான்.”

வேறு யார் எடுப்பது? ஐப்பசியில் அந்தக் கடற்கரையில் ஆளே இல்லை. குடைகளை மடக்கிக் கட்டிவிட்டார்கள். திறந்திருந்த ஒரே உணவகத்தில் சாப்பிட்டதும் நான் மட்டும்தான். அதன் வாசலில் ஆட்கள் உட்காராமல் அடுக்கி வைத்திருந்த கதிரைகளின் மேல் கைபேசியைச் சாய்த்துவிட்டு, அந்தக் கதிரைகளைப் பார்த்துத்தான் சிரித்தேன்.

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“எனக்குக் கதை விடாதை. ஆற்றையோ முகத்தைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு இது.”

நான் மறுக்கவில்லை. அப்படி ஒருவர் நின்றிருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்ததில், இரண்டு பேருக்குப் போதுமான முருங்கைக்காயை எடுத்துவிட்டேன்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே பேர்கன் நகரிலிருந்து சித்தி அழைத்தார்.

“பெடியன் எந்த ஊர்?”

பெடியனின் ஊர் தெரிந்தவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். சித்திக்கு முதல் எனக்குச் சொல்லுங்கள். கறி அடுப்பில் இருக்கிறது.