கயிற்றில் கட்டிய சிலம்புக்காரர்

மூன்று பேர் சேர்ந்து வாசிப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கல்யாணத்தில் நாயனம், தவில், ஒத்து. கச்சேரியில் பாட்டு, பிடில், மிருதங்கம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் பம்பை, உடுக்கை, சிலம்பு. பிள்ளைகள் எப்போதும் மூன்றாவது ஆளைக் காட்டி, அவர் எதற்கு என்று கேட்பார்கள். அதற்குப் பதிலாக வெள்ளானூர் துலுக்கானத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

துலுக்கானம் வண்டி மாடுகளுக்கு லாடம் அடிப்பவர். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, அதன் காதில் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டே ஆணி இறக்குவார். அவர் போட்ட முடிச்சை மாட்டால் மட்டுமல்ல, மாட்டுக்காரராலும் அவிழ்க்க முடியாது. வருஷம் முழுக்கக் குளம்பையே பார்க்கிறவருக்கு ஆடி ஒன்றுதான் மனிதர் முகம் பார்க்கிற மாதம். அந்த மாதத்தில் அவர் சிலம்புக்காரர்.

அந்தக் குழுவில் வீராசாமி பெரியவர். இடுப்பில் பம்பை மேளத்தைக் கட்டிக்கொண்டு அம்மனை வர்ணித்துப் பாடுவார். அய்யாசாமி உடுக்கை அடித்துச் சூடேற்றுவார். துலுக்கானம், உள்ளே பரல் போட்ட வெண்கல வளையத்தைக் கையில் பிடித்துத் தாளம் தவறாமல் குலுக்குவார். பாட்டு ஒரு பக்கம் ஓடும், உடுக்கை ஒரு பக்கம் துள்ளும். இரண்டையும் ஒரே வழியில் நடத்திப்போவது சிலம்பு.

வாசிப்பு சூடேறினால் கூட்டத்தில் ஒருவர்மேல் அம்மன் இறங்கும். இறங்கி வாக்குச் சொன்னால்தான் குளத்தங்கரையில் ஜோடித்து வைத்த கரகத்தைத் தூக்குவார்கள். கரகம் கோயிலுக்கு வந்தால்தான் ஊருக்குக் கூழ். வெள்ளானூரில் அம்மன் வழக்கமாக வருவது பொன்னியம்மா என்கிற அம்மாளின்மேல்.

சிக்கல் என்னவென்றால், அந்த அம்மாளை முந்திக்கொண்டு துலுக்கானத்துக்கு வந்துவிடும். சிலம்பு ஒரு பக்கம் பறக்கும், அவர் ஒரு பக்கம் ஆடுவார். மூன்று பேர் வாசிப்பு இரண்டு பேர் வாசிப்பாகி, தாளம் தடுமாறி நிற்கும். வாயில் எலுமிச்சம்பழத்தைக் கவ்வச் சொல்லிப் பார்த்தார்கள். அதைத் தோலோடு தின்றுவிட்டு ஆடினார்.

வீராசாமிக்குப் பொறுக்கவில்லை. "நாம சாமிய இட்டுகினு வர்ற ஆளுங்கடா. வண்டிக்காரனே வண்டில ஏறிப் பட்துகினா மாட்ட யாரு ஓட்றது?" என்றார். இனி ஒருமுறை ஆடினால் வானகரத்திலிருந்து தன் மச்சான் செங்கல்வராயனைக் கொண்டுவந்து விடுவதாகவும் சொன்னார். செங்கல்வராயன் அதற்கு முன்பே சிலம்பு வாங்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்.

ஆவடியில் பட்டாளத்துக் கூடாரங்கள் வந்த வருஷம் அது. ஆடித் திருவிழாவன்று துலுக்கானம் தன் லாடக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"என்னக் கட்டிப் போட்டுடு அண்ணாத்தே. மாடே நிக்குது, நான் நிக்க மாட்டேனா?"

குளத்தங்கரையில் கட்டுவதற்கு மரமில்லை. அந்தக் கூட்டத்திலேயே அசையாத பொருள் வீராசாமிதான். அத்தனை பெரிய உடம்பு. ஆகவே கயிற்றின் ஒரு முனை துலுக்கானத்தின் இடுப்பில், மறுமுனை வீராசாமியின் இடுப்பில். முடிச்சைத் துலுக்கானமே போட்டார். முன்வரிசையில் செங்கல்வராயன் தன் சிலம்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பம்பை முழங்கியது. துலுக்கானம் பல்லைக் கடித்துக்கொண்டு, மாடுகளுக்குச் சொல்லும் சமாதானத்தைத் தனக்கே சொல்லிக்கொண்டு, ஒழுங்காகக் குலுக்கினார். அவருக்கு அம்மன் வரவில்லை. பொன்னியம்மாவுக்கும் வரவில்லை. அந்த அம்மாள் கண்ணை மூடி நிற்பதும், ஒரு கண்ணைத் திறந்து கயிற்றைப் பார்ப்பதும், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பதுமாக இருந்தாள். வெயில் ஏறிற்று. கரகம் அப்படியே இருந்தது. கூழ்ப்பானையைச் சுற்றி நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

வீராசாமி விடவில்லை. அம்மனைத் தாயே என்று கெஞ்சிப் பாடினார், வராமல் போனால் மானம் போகும் என்று அதட்டிப் பாடினார். பம்பை கிழியும்போல அடித்தார். அடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்து, கண்ணை உருட்டி, குளத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். அம்மன் வீராசாமிமேலேயே வந்துவிட்டது.

அவர் பின்னால் துலுக்கானமும் ஓடினார். வேறு வழியில்லை, அது அவர் போட்ட முடிச்சு. சேற்றில், வரப்பில், கூழ்ப்பானைக்கும் அடுப்புக்கும் நடுவில் எல்லாம் இழுபட்டார். ஆனால் கையில் சிலம்பு நிற்கவில்லை. கரையில் தனியாக நின்ற அய்யாசாமி அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு உடுக்கை அடித்தார். பம்பை நின்றும் தாளம் நிற்கவில்லை.

ஊரார் வழிமறித்து, கற்பூரம் காட்டி, தாயே என்ன குறை என்று கேட்டார்கள்.

வீராசாமியின் வாயால் அம்மன் சொன்னது இதுதான்: "எம் புள்ளைய எவன்டா கட்னது? அவுத்து வுடுங்கடா."

அவிழ்க்க ஒருவராலும் முடியவில்லை; இழுபட்டு இறுகியதில் போட்டவராலேயே முடியவில்லை. கடைசியில் அரிவாள்தான் வந்தது. கரகம் தூக்கினார்கள், கூழும் ஊற்றினார்கள்.

தெளிந்த பிறகு, தான் சொன்னதைப் பிறர் சொல்லக் கேட்டு வீராசாமி விழித்தார். அப்படிச் சொல்லவில்லை என்றால் தனக்கு வந்தது அம்மன் இல்லை என்றாகிவிடும். சொன்னேன் என்றால் துலுக்கானத்தை யாரும் தொட முடியாது. "தாயி சொல்லிட்டா. அப்பால நான் யாரு?" என்றார். செங்கல்வராயன் இரண்டு சொம்பு கூழ் குடித்துவிட்டு வானகரத்துக்கு நடந்தார்.

அதன் பிறகு துலுக்கானம் ஒவ்வோர் ஆடியும் குலுக்கினார், ஆடவும் ஆடினார். சிலம்பு பறந்தால் பிடிப்பதற்கென்று பொன்னியம்மா பக்கத்திலேயே நின்றுகொள்வாள்.

போன மாசியில் அவர் இறந்துவிட்டார். இந்த ஆடியில் செங்கல்வராயன்தான் குலுக்கினார். ஒரு தப்பும் இல்லை. கரகம் நகர வெகுநேரம் ஆயிற்று.