வெள்ளிக்கிழமை மவுன விரதமும் ஒரு பழைய நாவலும்

அம்மன் அடியார்களுக்கு, புந்தோங்கில் இருந்து ஒரு தாய் எழுதுகிறேன்.

போன வருடம் என் மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். வயது பதினான்கு. ஏனென்று கேட்டால் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். திட்டினேன், கெஞ்சினேன். ஒரு வார்த்தை வரவில்லை. அவள் அப்பா இறந்துவிட்டார். கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வந்தால் எனக்கு நிற்கவே தெம்பிருக்காது. இவளையும் இழந்துவிடுவேனோ என்ற பயம் வேறு.

கோயிலில் ஓர் அக்கா சொன்னார்: "வெள்ளிக்கிழமை மவுன விரதம் இரும்மா. ஆத்தா கண்டிப்பா கேப்பா."

வெள்ளி எனக்கு ஓய்வு நாள். விளக்கேற்றி, மாலைவரை வாய் திறக்க மாட்டேன். "தாயே, என் பிள்ளை என்னிடம் பேசினால் போதும்." அதுதான் வேண்டுதல்.

பேசாமல் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? ஒரு வெள்ளி, அலமாரியில் கிடந்த பழைய நாவலை எடுத்தேன். சின்ன வயதில் சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தபோது நான் உயிராக வைத்திருந்த புத்தகம். வீட்டை விட்டு ஓடிப்போகும் சிறுமியின் கதை. அப்போதெல்லாம் அவள் ரயில் ஏறும் இடத்துக்குத் தாவிவிடுவேன். இந்த முறை ரயில்வரை போகவே முடியவில்லை. அதற்கு முன்பே, அவள் அம்மாவிடம் ஏதோ சொல்ல வந்து பூஜையறை வாசலில் நிற்கிறாள். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். சிறுமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள்.

புத்தகத்தை மூடி வைத்தேன். முந்தின வெள்ளி என் மகளும் அப்படி வந்து நின்றாள். நான் விளக்கைக் காட்டி, அப்புறம் என்று சைகை செய்தேன். ஐயோ, பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பேச வந்தவளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

விரதத்தை முறித்தால் குற்றமாகுமோ என்று பயம்தான். ஆனாலும் போய்க் கதவைத் தட்டினேன்.

"கண்ணு, கதவைத் திற."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைலா மா. நீங்க பேசக்கூடாது."

"ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சொல்லு."

அழுதுகொண்டே சொன்னாள். வகுப்புப் பிள்ளைகள் அவள் படத்தை அசிங்கமாக மாற்றி, வாட்ஸ்அப்பில் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விடுப்பெடுத்து, அவளோடு தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன். ஒரே நாளில் எல்லாம் சரியாகவில்லை. இன்னும் சில காலைகளில் வயிற்று வலி என்று படுத்துக்கொள்வாள். ஆனால் பள்ளிக்குப் போகிறாள். என்னிடம் ஓயாமல் பேசுகிறாள், தலைவலி வரும் அளவுக்கு.

அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தது ஆத்தாதான். இன்றும் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறேன். சோற்றை மட்டும்தான் விட்டிருக்கிறேன், பேச்சை விடவில்லை. என்னைப் போல் அசந்துபோன தாய்மார்களே, ஆத்தாவை நம்பி வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டும்போது கண்ணை மட்டும் முழுசாக மூடிவிடாதீர்கள். வாசலில் பிள்ளை வந்து நிற்கும்.